சம்பளம் என்கிற நிர்வாகச் செலவு

எம்.எஸ்.டபிள்யூ என்கிற சமூகப்பணி முதுகலை முடித்த பிள்ளைகள் வேலை தேடுவதற்காக நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். அங்கே வரும் விளம்பரங்களைப் பார்த்தாலே எங்கள் துறை எந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது என்று தெரியும். 'களப்பணியாளர் தேவை, வண்டி ஓட்டத் தெரிய வேண்டும், கிராமத்தில் தங்க வேண்டும்' என்ற பழைய வகை விளம்பரம் அபூர்வமாகிவிட்டது. இப்போது தேவைப்படுபவர்கள் இம்பாக்ட் அசோசியேட், எம்ஐஎஸ் ஆபீசர், சிஎஸ்ஆர் எக்ஸிகியூட்டிவ், பார்ட்னர்ஷிப் மேனேஜர். எக்ஸெல் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும், பவர் பிஐ தெரிந்தால் முன்னுரிமை. எப்போதாவது களப்பணியாளர் விளம்பரம் வந்தால் அடியில் சம்பளம் 12,000 என்று இருக்கும். யாரும் பதில் போடமாட்டார்கள்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். பணம் வரும் வழி மாறியபோது வேலையின் உருவமும் கூடவே மாறியதை உள்ளே இருந்து பார்த்தேன். பணக்காரர்கள் கொடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அடுத்த மாதச் சம்பளத்துக்கு நானே திண்டாட வேண்டியிருக்கும். கொடுப்பவர்கள் முதலீட்டாளர்களைப் போல யோசிக்கத் தொடங்கியதும் சமூகப்பணியில் எது வேலை, எது வீண் செலவு என்ற கணக்கு தலைகீழாகிவிட்டது. என் வருத்தம் அதில்தான்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டுவிட்ட நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சிஎஸ்ஆர் என்கிறோம். முதல் ஆண்டில் நாடு முழுக்கச் சுமார் 10,000 கோடி ரூபாய் செலவானது. 2022-23இல் அது 30,000 கோடியை நெருங்கிவிட்டது.

அதே காலத்தில் மறுபக்கத்துக் கதவு சாத்தப்பட்டது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்குப் பெரும்பாலும் பெரிய அமைப்புகள் வழியாகத்தான் பணம் வந்துகொண்டிருந்தது. ஒரே கையெழுத்தில் அது நின்றது. அப்புறம் மிச்சமிருந்தது உள்ளூர்க் கம்பெனிகள்தான்.

பழைய காலம் பொற்காலமும் இல்லை. ஐரோப்பியத் திருச்சபை நிதியில் நாங்கள் வேலை செய்த நாட்களில் அவர்களுக்கும் புகைப்படம் வேண்டும், கண்ணீர்க் கதை வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாகரிகம் மாறும். ஒரு சமயம் எல்லாமே தண்ணீர், இன்னொரு சமயம் எல்லாமே பாலினம், பிறகு பருவநிலை. அந்த வெள்ளைக்கார விருந்தாளிகளுக்காகப் பெண்கள் கும்மியடித்துக் காட்டியதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒன்று உண்டு. அந்தப் பட்ஜெட்டில் முதல் வரி ஆட்களின் சம்பளமாக இருந்தது. களப்பணியாளர்தான் திட்டம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

இப்போது என்ன ஆகிறது? சிஎஸ்ஆர் விதிகளில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அது நிறுவனம் தன் சிஎஸ்ஆர் துறையை நடத்த ஆகும் செலவுக்குச் சொன்னது. ஆனால் நடைமுறையில் பல நிறுவனங்கள் தொண்டு நிறுவனத்துக்கும் அதே 5 சதவீதத்தை நீட்டிவிடுகின்றன. அதோடு விடுவதில்லை. களப்பணியாளரின் சம்பளம், பெட்ரோல், அலுவலக வாடகை எல்லாம் அந்த 5 சதவீதத்துக்குள் என்பார்கள். ஸ்மார்ட் போர்டு வாங்கினால் திட்டச் செலவு. அந்தப் பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் நடையாய் நடந்தால் அது நிர்வாகச் செலவு. பொருளுக்கு பில் இருக்கிறது, மனிதருக்கு இல்லை என்பதுதான் இதன் உள்ளடக்கம்.

ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் அதிகாரியிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நல்ல மனிதர், வங்கியிலிருந்து வந்தவர். எங்கள் மூத்த களப்பணியாளர் ஒரு விதவைக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்த கதையைச் சொன்னேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரேஷன் அட்டையில் பெயர் மாற்றம், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார், திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்று மாதக்கணக்கில் அலைந்த கதை. முழுக்கக் கேட்டுவிட்டு, "மேடம், ரொம்ப நல்ல விஷயம். ஆனா இதை எங்க அவுட்கம்மா எப்படிக் காட்டுறது? பணம் கவர்மென்ட் கொடுக்குதே" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை, அவருடைய போர்டில் அவரிடம் கேட்பதைத்தான் அவர் என்னிடம் கேட்டார். பொதுவாக எங்கள் ஆட்கள் இந்த இடத்தில் 'எங்கள் வேலையை எண்ணிக்கையில் அளக்க முடியாது' என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தாராளமாக அளக்கலாம். விதவை உதவித்தொகை இப்போது மாதம் 1,200 ரூபாய், ஆண்டுக்கு 14,400. வாழ்நாள் முழுக்க வரும். ஒரு களப்பணியாளர் ஆண்டுக்கு ஐம்பது பேருக்கு வாங்கிக் கொடுத்தால் ஆண்டுதோறும் 7,20,000 ரூபாய் அந்த ஊர்களுக்குள் வரும். போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் திரும்பியது என்று எஸ்ஆர்ஓஐ அறிக்கை எழுதுகிற கன்சல்டன்ட்டுகள் துள்ளிக் குதிக்க வேண்டிய கணக்கு இது. இருந்தும் இதற்குப் பணம் கிடைப்பதில்லை, ஏனென்றால் அந்தப் பலனின் மேல் நிறுவனத்தின் பெயரை ஒட்ட முடியாது. வந்தது அரசின் பணம், வாங்கியது அந்தப் பெண்ணின் உரிமை. இடையில் இருந்தவருக்கு அங்கே பலகை வைக்க இடமில்லை.

இதை ஒட்டி இன்னொன்று. கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணை எதற்கெல்லாம் சிஎஸ்ஆர் பணத்தைச் செலவிடலாம் என்று பட்டியல் போடுகிறது. பசி, கல்வி, சுகாதாரம், பெண்கள், சுற்றுச்சூழல், பாரம்பரியச் சின்னங்கள், விளையாட்டு, முன்னாள் ராணுவத்தினர், பேரிடர் என்று நீளும். தொழிலாளர் உரிமை அதில் இல்லை. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை சிஎஸ்ஆராகக் காட்டக்கூடாது என்றும் விதி இருக்கிறது. அது நியாயமான விதிதான். ஊழியருக்குச் செய்ய வேண்டியதைத் தர்மக் கணக்கில் எழுதக்கூடாது அல்லவா? ஆனால் வேடசந்தூர் வட்டாரத்தில் அந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். சுற்றிலும் நூற்பாலைகள். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் ஒரு மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்களை அழைத்துப்போன 'சுமங்கலித் திட்டம்' கொடிகட்டிப் பறந்த பகுதி. அந்தக் காலத்தில் எங்கள் வேலையில் பாதி, தவணை முடியும் முன் உடம்பு முடியாமல் திரும்பி வந்த பெண்களுக்கு அதுவரை உழைத்த காசை வாங்கிக் கொடுப்பது. ஆலை வாசலில் நிற்பது, தொழிலாளர் துறைக்கு மனு போடுவது, பெற்றோரைப் பேச வைப்பது.

இன்று அதே ஊர்களில் ரத்தசோகை முகாம், நாப்கின் விழிப்புணர்வு, கணினிப் பயிற்சி எல்லாம் நடக்கின்றன. கெட்ட வேலை ஒன்றுமில்லை, ரத்தசோகை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் மாத்திரை கொடுக்கும் அமைப்பு, கூலி ஏன் குறைவு என்று அதே வாயால் கேட்க முடியாது. யாரும் 'கேட்காதே' என்று சொல்வதில்லை. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அது போதும்.

கொடுப்பவர்கள் முதலீட்டாளர்களைப் போல யோசிக்கும் இந்தப் போக்குக்கு ஊற்றுக்கண் 1990களின் அமெரிக்கா. கணினித் தொழிலில் பணம் பார்த்தவர்கள், முதலீடு செய்வதைப் போலவே நன்கொடையும் கொடுக்கலாம் என்று தொடங்கினார்கள். நல்ல அமைப்பைத் தேர்ந்தெடு, அளவுகோல் வை, பெரிதாக்கு, பிறகு வெளியேறு. இதன் உச்சம் 2010இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் தொடங்கிய சமூகத் தாக்கப் பத்திரம். குறுகிய காலத் தண்டனை முடிந்து வெளியே வருபவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைந்தால், முன்பணம் போட்ட முதலீட்டாளர்களுக்கு அரசு லாபத்தோடு திருப்பித் தரும். அது ஓரளவு வெற்றிகரமாகவே முடிந்தது.

நம் நாட்டில் இதன் பெரிய பெயர் ராஜஸ்தானின் பில்வாரா. 2015 முதல் மூன்று ஆண்டுகள் 'எஜுகேட் கேர்ள்ஸ்' அமைப்பு அங்கே 166 பள்ளிகளில் சுமார் 7,300 குழந்தைகளிடம் வேலை செய்தது. யுபிஎஸ் ஆப்டிமஸ் ஃபவுண்டேஷன் 2,70,000 டாலர் முன்பணம் போட்டது. விளைவு வந்தால் பணம் தருவதாக லண்டனைச் சேர்ந்த சில்ட்ரன்ஸ் இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் ஃபவுண்டேஷன் ஒப்புக்கொண்டது. ஐடிஇன்சைட் என்ற மூன்றாம் தரப்பு அளந்தது. பிள்ளைகளின் கற்றலுக்கு 80 சதவீத எடை, பள்ளியில் சேராத சிறுமிகளைச் சேர்ப்பதற்கு 20. முதல் இரண்டு ஆண்டுகள் கற்றலில் பின்தங்கினார்கள். மூன்றாம் ஆண்டில் பாய்ச்சல். சேர்க்கையில் இலக்கைவிட 16 சதவீதம், கற்றலில் இலக்கைவிட 60 சதவீதம் அதிகம். முதலீட்டாளருக்கு 15 சதவீத வருவாய்.

இந்தக் கதையை விமர்சனத்தோடு படிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு களப்பணியாளராக எனக்குப் பொறாமையாக இருந்தது. காரணம் அந்த மூன்று ஆண்டுகள். கற்றலில் பின்தங்கியபோது யாரும் திட்டத்தை மூடவில்லை. எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவு என்று பில் பில்லாகக் கேட்கவில்லை. பிள்ளைகளை அவர்கள் நிலைக்கேற்பப் பிரித்து உட்காரவைப்பது, வராத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுப்பது என்று முறையை அவர்களே மாற்றிக்கொண்டார்கள். எங்கள் சிஎஸ்ஆர் திட்டங்களில் மார்ச் 31க்குள் செலவழித்து யூசி எனும் செலவுச் சான்று கொடுக்காவிட்டால் கதை முடிந்தது. இரண்டாம் ஆண்டு பின்தங்க எங்களுக்கு அனுமதி கிடையாது, பல சமயம் இரண்டாம் ஆண்டே கிடையாது.

ஆனாலும் அந்த வெற்றியில் எனக்கு உறுத்துவது வேறு. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் 166 பள்ளிகள் இருந்தன. அங்கும் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தார்கள், பாடம் மட்டும் நடத்தவில்லை. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பணம் போட்டது ஒரு அறக்கட்டளை, திருப்பித் தந்தது இன்னொரு அறக்கட்டளை. கணக்கு முடிந்த மறுநாள் அந்தப் பள்ளிகளுக்கு ராஜஸ்தான் அரசு புதிதாக எந்தக் கடமைக்கும் ஆளாகவில்லை. பெரிய சோதனை நடந்தது, சட்டமும் மாறவில்லை, பணியிடமும் உருவாகவில்லை.

அளவுகோல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலம் இருக்கிறது. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி 2013இல் அங்கே இதே வகைப் பத்திரத்தில் ஏழைக் குழந்தைகளின் மழலைப் பள்ளிக்குப் பணம் போட்டது. படங்களைக் காட்டிச் சொல் கேட்கும் ஒரு தேர்வை வைத்து, '110 குழந்தைகளுக்குப் பின்னாளில் சிறப்புக் கல்வி தேவைப்படும்' என்று கணித்தார்கள். 2015இல் பார்த்தால் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் தேவைப்பட்டது. 109 குழந்தைகளைக் காப்பாற்றியதாகக் கணக்கு வைத்து வங்கிக்குப் பணம் தரப்பட்டது. அவர்களில் பலருக்கு முதலிலேயே அந்தத் தேவை இருந்திருக்காது என்று கல்வியாளர்கள் கேட்டது நியாயமான கேள்வி. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் குழந்தை ஆங்கிலத் தேர்வில் குறைவாகத்தானே வாங்கும்?

நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் அதே வங்கி போட்ட பணம் 2015இல் தோற்றது. அங்கே தனியார்தான் ஆபத்தை ஏற்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். திட்டத்துக்குச் செலவான 72 லட்சம் டாலரில் வங்கி இழந்தது 12 லட்சம்தான். மீதி 60 லட்சத்தை, நகர மேயராக இருந்த ப்ளூம்பெர்க்கின் அறக்கட்டளை உத்தரவாதம் கொடுத்துத் தாங்கியது. தர்மப் பணம் வங்கிக்குக் காப்பீடு ஆனது.

இந்தப் பின்னணியில் மதிய உணவை யோசித்துப் பார்க்கிறேன். 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்கள் நிறையப் பேர். முதலில் விளைவைக் காட்டு, பிறகு பணம் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தத் திட்டம் ஒரு மாவட்டத்தில் மூன்று ஆண்டு முன்னோட்டமாக நின்றிருக்கும். அதற்கு முன் காமராஜர் காலத்தில், கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், அரிசி கொடுத்தார்கள். அதுவும் தனியார் நன்கொடைதான். ஆனால் என்ன செய்வது என்பதைக் கொடுத்தவர்கள் தீர்மானிக்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தேர்தலில் நின்றார்கள். தமிழ்நாட்டின் இந்த உணவுத் திட்டத்தைப் பார்த்துத்தான் 1995இல் மத்திய அரசு தேசியத் திட்டம் கொண்டுவந்தது, சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் உத்தரவிட்டது.

இன்று அரசே நன்கொடையாளரின் மொழியைப் பேசுகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 அறக்கொடையாளர் கூட்டாண்மையைக் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. ராமநாதபுரமும் விருதுநகரும் இருக்கும், மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் மாவட்டங்களுக்கு ரேங்க் போடுகிறார்கள். தமிழக அரசும் 2022இல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' தொடங்கி அரசுப் பள்ளிகளுக்கு நிதி கேட்டது. நான் அதை எதிர்க்கவில்லை, கழிவறைக் கதவு யார் காசில் வந்தாலும் கதவுதான். ஆனால் கதவு கிடைக்கும் பள்ளி எது? நிறுவனங்கள் தங்கள் ஆலையைச் சுற்றிய பகுதிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் அள்ளிக் கொடுக்கிறவர்கள் கல்வராயன் மலைக்கு ஏன் ஏறப் போகிறார்கள்? இது போதாதென்று, தொண்டு நிறுவனங்கள் பட்டியலாகி நிதி திரட்டும் சமூகப் பங்குச் சந்தையும் வந்துவிட்டது, பங்குச் சந்தைகளை மேற்பார்க்கும் செபியின் ஒழுங்குமுறையில். பெங்களூருவின் உன்னதி ஃபவுண்டேஷன் 2023 டிசம்பரில் அதில் முதலாவதாகப் பட்டியலானது. அதற்கான தணிக்கை, ஆவணம் எல்லாம் முடிக்கக்கூடிய அமைப்பு எங்கள் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை.

சமூகப்பணி என்ற படிப்பே இந்தியாவில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் அறக்கட்டளைப் பணத்தில் பிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1936இல் பம்பாயில் தொராப்ஜி டாடா பெயரில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய டிஸ், அதாவது டாடா சமூக அறிவியல் நிறுவனம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 1996இல் அந்த நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கி நாடெங்கும் பரவியது. அதற்கு அன்று யார் எக்ஸிட் பிளான் கேட்டிருப்பார்கள்? அதே டிஸ்ஸில் 2024 ஜூன் கடைசியில், டாடா கல்வி அறக்கட்டளையின் நிதி முடிந்தது என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், ஊழியர்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். எதிர்ப்பு வந்து, நிதி தருவதாக உறுதி வந்த பிறகு உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சமூகப்பணி சொல்லிக் கொடுக்கிறவர்களின் வேலையே ஒரு திட்டத் தலைப்பின் கீழ்தான் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. 1098ஐ 2023இல் அரசு எடுத்துக்கொண்டபோது, ராத்திரி பகலாகக் குழந்தைத் திருமணங்களை நிறுத்தி அனுபவப்பட்ட தொண்டு நிறுவனப் பணியாளர்கள் பலர் வெளியே நின்றார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருப்பவர்களும் ஒப்பந்த ஊழியர்களே. சத்துணவு அமைப்பாளருக்குப் பள்ளியில் ஓர் இடம் உண்டு. பிள்ளை ஏன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறது என்று வீடு வரை போய்ப் பார்க்கும் சமூகப்பணியாளர் பணியிடம் எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளில் ஒன்றிலும் இல்லை.

அதனால் எங்கள் அளவில் ஒரு வேலை செய்கிறோம். இந்த ஆண்டு எழுதும் எல்லா முன்மொழிவுகளிலும் களப்பணியாளர் சம்பளத்தை நிர்வாகத்திலிருந்து எடுத்துத் திட்டச் செலவின் முதல் வரியில் போடுகிறோம், தொடக்க ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகளுக்கு. பல ஆண்டுகள் நீளும் 'நடப்புத் திட்டம்' என்று நிறுவனம் அறிவித்தால் சிஎஸ்ஆர் விதியே அத்தனை ஆண்டுகளை அனுமதிக்கிறது. பல கம்பெனிகளுக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை. விதவைகளின் 7,20,000 ரூபாய்க் கணக்கையும் இணைத்து அனுப்புகிறோம். இரண்டு நிறுவனங்கள் முடியாது என்றுவிட்டன. அந்த வங்கிக்கார அதிகாரி மட்டும் போர்டில் வைத்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார், அவுட்கம் பத்தியைக் கொஞ்சம் திருத்தித் தரச் சொல்லி. திருத்திக்கொண்டிருக்கிறேன்.